போகம்பரை வாவியில் மறைந்த குமாரிஹாமி

அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் அக்குறணை நெரிசலில் அரை மணித்தியாலம் நின்று, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, நகருக்குள் நுழைகிறது. சனிக்கிழமைகளில் ரியூஷன் வகுப்புக்காக நான் இறங்கும் இடத்திலிருந்து போகம்பரை மைதானம் தூரமில்லை. மழை பெய்தால் அந்தப் பள்ளமான பக்கத்தில் தண்ணீர் தேங்கும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு வாவி இருந்தது. தலதா மாளிகைக்கு முன்னால் இன்று நாம் காணும் கண்டி வாவி அல்ல அது. அது வேறு, இது வேறு. இதைச் சிறிய வாவி என்றே எழுதியிருக்கிறார்கள். 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பெண்ணை அந்த வாவியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம், அவருடைய கணவர் அரசனுக்கு எதிராகக் கிளம்பியது.

சின்ன வகுப்பில் மத்தும பண்டாரவின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அண்ணன் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தபோது, தான் முன்வந்து கொலைஞனின் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்த சிறுவன். டீச்சர் கதை சொல்லி முடித்ததும் நாங்கள் கை தட்டினோம். அந்தச் சிறுவன் யாருடைய கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தான் என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. உயர்தரத்தில் வரலாறு எடுத்த பிறகுதான் அந்தக் கைக்குரியவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவரை எல்லோரும் எஹலபொல குமாரிஹாமி என்கிறார்கள். எஹலபொல என்பது கணவரின் குடும்பப் பெயர். குமாரிஹாமி என்பது கண்டிய உயர்குடிப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். ஆக, மக்கள் நாவில் நிலைத்த அந்தப் பெயரில் அவருக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. பிறந்த வீடு கெப்பெட்டிபொல குடும்பம்; மாத்தளைப் பக்கத்தோடு தொடர்புடையவர்கள். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை இவருடைய உடன்பிறந்த சகோதரர். கண்டி, மாத்தளை வீதியில் வசிக்கும் எனக்கு இதை வாசித்ததும் ஒரு நெருக்கம் தோன்றியது. மலையும் கணவாயுமாக இருந்த இந்தப் பக்கத்தால்தான் அவரும் பல்லக்கில் கண்டிக்கு வந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை. வரலாறாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் வாழ்ந்த காலத்துக் கண்டியைச் சற்று விளக்க வேண்டும். 1798இல் பதினெட்டு வயது இளைஞனான கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரோடு சிம்மாசனம் ஏறினான். தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். அவனை அரசனாக்கியவர் மகா அதிகார் பிலிமத்தலாவ. தான் ஏற்றிவைத்த இளைஞன் தன் சொல் கேட்டு நடப்பான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அரசன் வளர்ந்தான், கணக்குப் பிழைத்தது. சதி செய்த குற்றத்துக்காகப் பிலிமத்தலாவ 1811இல் தலை துண்டிக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் எஹலபொல. இராச்சியத்தில் அரசனுக்கு அடுத்த பெரிய பதவி அது. மகா அதிகாரின் மனைவி என்ற முறையில் குமாரிஹாமியின் வாழ்வும் அந்த நாட்களில் உச்சத்தில் இருந்திருக்கும். கண்டி நகரில் வளவு, ஏவலாட்கள், நான்கு பிள்ளைகள். மூத்த மகன் லொக்கு பண்டாரவுக்குப் பதினொன்று, அடுத்தவன் மத்தும பண்டாரவுக்கு ஒன்பது வயது என்று சொல்லப்படுகிறது. பிறகு ஒரு பெண் பிள்ளை. கடைசியாகப் பால் குடிக்கும் குழந்தை.

ஆனால் அந்த வளவு வாழ்க்கைக்குள்ளேயே ஒரு பூட்டு இருந்தது. கண்டிய அரசர்களின் பழைய வழக்கம் ஒன்று: வெளிப் பிரதேசத்தை ஆளப் போகும் பிரதானி தன் மனைவி மக்களைத் தலைநகரில் விட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது மரியாதை போலத் தெரியும். உண்மையில் அது பிணை. பிரதானி விசுவாசமாக இருக்கும்வரை குடும்பம் வளவில் இருக்கும். அவர் மாறினால் குடும்பத்தின் உயிர் அரசனின் கையில். துரோகியின் குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிப்பது அக்காலச் சட்டத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டுபிடித்ததும் அல்ல.

எஹலபொல சப்பிரகமுவவையும் ஆண்டுவந்தார். அங்கே மக்களிடம் அநியாயமாக அறவிடுகிறார் என்று அரசனிடம் முறைப்பாடுகள் போயின. அதைவிடப் பெரிய சந்தேகம் இன்னொன்று. கரையோரத்தை ஏற்கெனவே பிடித்துவிட்ட பிரித்தானியருடன் அவர் இரகசியமாகப் பேசுகிறார் என்பது. அந்தச் சந்தேகம் வீணானதல்ல. சிங்களம் நன்கு கற்ற ஜோன் டொயிலி என்ற பிரித்தானிய அதிகாரி கண்டிப் பிரதானிகளோடு தூது நடத்தி, ஒற்றர்கள் மூலம் ஒவ்வொரு செய்தியையும் சேகரித்துத் தன் நாட்குறிப்பில் எழுதிவந்தார். 1814இல் அரசன் எஹலபொலவைக் கண்டிக்கு வருமாறு அழைத்தான். போனால் பிலிமத்தலாவவின் கதிதான் என்று அவருக்குத் தெரியும். அவர் போகவில்லை. சப்பிரகமுவவில் கிளர்ச்சி தொடங்கியது. அரசன் பதவியைப் பறித்து மொல்லிகொடவுக்குக் கொடுத்து, படையோடு அனுப்பினான். கிளர்ச்சி தோற்றது. எஹலபொல எல்லையைத் தாண்டிப் பிரித்தானியரிடம் தஞ்சம் புகுந்தார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசிப்பேன். மனைவியும் நான்கு பிள்ளைகளும் கண்டியில் சிறைப்பட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த வழக்கத்தின் பொருளும் தெரியும். அவரே மகா அதிகாராக இருந்து அந்த அரசை நடத்தியவர். உயிருக்கு அஞ்சி ஓடினார் என்று அவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்கு ஓட ஒரு கொழும்பு இருந்தது. குமாரிஹாமிக்கு இருக்கவில்லை.

பிறகு நடந்ததை விரிவாக எழுதிவைத்தவர் ஜோன் டேவி என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர். அவர் 1816இல்தான் இலங்கைக்கு வந்தார். ஆகவே நேரில் கண்டவர் அல்லர். கண்டவர்களிடம் கேட்டு 1821இல் வெளியான தன் நூலில் எழுதினார். 1814 மே 17 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் நாள். நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளியில் குமாரிஹாமியையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்று நாம் தலதா மாளிகைப் பக்கம் போனால் அந்த இரு தேவாலயங்களையும் காணலாம். கூட்டம் கூடியிருந்தது. மூத்தவன் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பதினொரு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்வான்? அவனைக் கோழையாக்கிக் கதை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. இளையவன் முன்வந்தான், அண்ணனுக்கு வழி காட்டுவதாகச் சொல்லி. பிறகு மூத்தவன். பிறகு மகள். கடைசியாக, தாயின் மார்பில் இருந்த குழந்தை. அது பறித்தெடுக்கப்பட்ட வேளையில் அதன் வாயில் பால் இருந்தது என்பதையும் டேவி எழுதியிருக்கிறார்.

வெட்டுண்ட தலைகளை உரலில் இட்டு இடிக்கும்படி தாய்க்கு ஆணையிடப்பட்டது என்பதும் அந்த நூலில் உண்டு. மறுத்தால் அவரை அக்காலத்தில் மிகத் தாழ்த்தப்பட்ட சாதியினரிடம் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்களாம். அவர் உலக்கையைத் தூக்கி விழவிட்டாராம். சிங்களக் கதைகளிலும் ஓவியங்களிலும் அதிகம் இடம்பெற்றது இந்த உரல்தான். இது உண்மையாக நடந்ததா, கதை கைமாறி வந்தபோது சேர்ந்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். இந்தக் கதைக்கு அந்த உரல் தேவையே இல்லை என்று எனக்குப் படுகிறது. அதை எடுத்துவிட்டாலும் நான்கு பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஒரு தாய் நின்று பார்த்திருக்கிறார்.

கூடியிருந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். பலிஹப்பான திசாவை என்ற பிரதானி மயங்கி விழுந்தார். அப்படி இரக்கம் காட்டியதற்காக அவருடைய பதவி போனது. எல்லாம் முடிந்ததும் குமாரிஹாமியைப் போகம்பரை வாவிக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் தனியாகப் போகவில்லை. எஹலபொலவின் சகோதரருடைய மனைவியும், புஸ்வெல்ல திசாவையின் மனைவியும் சகோதரியும் அதே வாவியில் மூழ்கடிக்கப்பட்டார்கள். நான்கு பெண்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டுமே நமக்குக் கதை கிடைத்திருக்கிறது. மற்ற மூவரும் ஒரு வாக்கியத்தில் வந்து ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறார்கள்.

அதன் பின்னர் இரண்டு நாட்கள், அரண்மனையைத் தவிர, கண்டி முழுவதும் ஒரே மரண வீடாக இருந்தது என்றும், எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்றும் டேவி எழுதுகிறார். எங்கள் உம்மும்மாவுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டியபோது, மற்ற எல்லாவற்றையும் பேசாமல் கேட்டிருந்தவர், அடுப்பு எரியவில்லை என்ற இடத்தில்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எங்கள் ஊரிலும் மௌத்து வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். முழு நகரமுமே மௌத்து வீடானால் யார் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது?

இதுவரை சொன்னது ஒரு குடும்பத்தின் துயரம். அது அரசியலானது அதற்குப் பிறகுதான். கண்டியைப் பிடிக்க 1803இல் படையெடுத்துப் போய் மோசமாகத் தோற்றவர்கள் பிரித்தானியர். மறுபடியும் நுழைய அவர்களுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. ஆளுநர் றொபர்ட் பிரவுன்றிக் 1815 ஜனவரியில் போரை அறிவித்தபோது, கொடுங்கோலனிடமிருந்து மக்களை விடுவிக்கவே வருகிறோம் என்பதுதான் அவர்களின் பேச்சு. குமாரிஹாமியும் பிள்ளைகளும் அந்தப் பேச்சுக்குச் சாட்சியானார்கள். உயிரோடு இருந்தபோது அரசனுக்குப் பிணையாக இருந்தவர், இறந்த பின்னர் ஆளுநருக்குப் பயன்பட்டார். பெப்ரவரி நடுப்பகுதியில் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்தது. மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். சித்திரவதையும் அங்கங்களைச் சிதைக்கும் தண்டனையும் ஒழிக்கப்படுவதாக அதில் ஒரு வாசகம் உண்டு. ஒப்பமிட்டவர்களில் எஹலபொலவும் ஒருவர்; குமாரிஹாமியின் சகோதரரும் ஒருவர்.

தமிழ் நூல்களில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிரதானிகளின் சூழ்ச்சியால் வீழ்ந்த மன்னன். சிங்களக் கதைகளில் பெரும்பாலும் அவன் குழந்தைகளைக் கொன்றவன். மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட நூலில், அரசனைப் பற்றிய கொடுங்கோலன் என்ற சித்திரம் எவ்வளவு தூரம் பிரித்தானியரின் ஒற்று வேலையாலும் பிரசாரத்தாலும் உருவானது என்று ஆராய்ந்திருக்கிறார். எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு பாதி அரசனின் பக்கம், மறு பாதி குமாரிஹாமியின் பக்கம். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றவில்லை. அரசனைச் சூழ்ச்சி சூழ்ந்திருந்தது உண்மை. அந்தச் சூழ்ச்சிக்கு நான்கு குழந்தைகள் பொறுப்பில்லை என்பதும் உண்மை. அரசனின் வீட்டுப் பெண்களுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹநுவர பக்கத்தில் ஒளிந்திருந்த அரசனை எஹலபொலவின் ஆட்கள் பிடித்தபோது, உடனிருந்த அரசிகளையும் கட்டி இழுத்து அவமானப்படுத்தினார்கள். அவர்களும் ஒருவனின் மனைவியர் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்தவர்கள் அல்லர்.

மெதமஹநுவரவுக்குப் போகும் வழி திகன, தெல்தெனிய ஊடாகத்தான். 2018 மார்ச்சில் அந்த ஊர்களின் பெயரை நாடே கேட்டது. அப்போது நான் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். சிலர் சேர்ந்து செய்த குற்றத்தால் தெல்தெனிய பக்கத்தில் ஓர் உயிர் போனது. அந்தக் குற்றம் செய்தவர்களைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அதற்காக எரிந்தன. எங்கள் பக்கமும் ஊரடங்கு. உம்மா எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு எங்களைப் பின்னறையில் உட்கார வைத்தார். நாங்கள் என்ன செய்தோம் என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மத்தும பண்டாரவின் வயது ஒன்பது என்று பிறகு வாசித்தபோது, அந்த இருட்டறையில் எங்களுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் என்பது நினைவுக்கு வந்தது. அதனால்தான் போலும், குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிப்பது அக்காலத்துச் சட்டம் என்று புத்தகம் அமைதியாகச் சொல்லும் வரியை என்னால் அமைதியாகக் கடக்க முடிவதில்லை.

குமாரிஹாமிக்குப் பின்னும் அந்தக் குடும்பத்தின் கதை தொடர்ந்தது. எஹலபொல சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டார். பிரித்தானியர் அதைக் கொடுக்கவில்லை. பதவி எதையும் ஏற்காமல், பிரித்தானிய அரசாங்கத்தின் நண்பர் என்ற பட்டத்தோடு இருந்தார். அந்த நட்பு மூன்று ஆண்டுகள்தான் நிலைத்தது. 1818இல் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது சந்தேகத்தின் பேரில் அவரைப் பிடித்தார்கள். வழக்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை. 1825இல் மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தி, 1829இல் அங்கேயே இறந்தார்.

சகோதரரின் கதை இன்னும் கனமானது. அந்தக் கிளர்ச்சியின் தொடக்கத்தில் எங்கள் சமூகத்தவர் ஒருவரின் பெயரும் வருகிறது. கண்டி இராச்சியத்தில் தவளம் மாடுகளில் பொருள் ஏற்றிச் செல்லும் மடிகே என்ற பிரிவில் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஹாஜி மரைக்கார் என்பவரைப் பிரித்தானியர் வெல்லஸ்ஸையில் முகாந்திரமாக நியமித்தார்கள். அது அங்கிருந்த திசாவையின் அதிகாரத்தைக் குறைப்பதாக அமைந்தது. கிளர்ச்சிக்காரர்கள் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். நிலைமையை அடக்கப் பிரித்தானியர் அனுப்பிய கெப்பெட்டிபொல, அங்கே போனதும் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். அதற்கு முன் தனக்குத் தந்த ஆயுதங்களைப் பிரித்தானியரிடமே திருப்பி அனுப்பினார் என்பது எல்லோரும் அறிந்தது. கிளர்ச்சியை அடக்க ஊவாவில் வீடுகள் எரிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன. சித்திரவதையை ஒழிப்போம் என்று ஒப்பமிட்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொல கொல்லப்பட்டதும் போகம்பரையில்தான், சகோதரி இறந்த வாவிக்கருகில். அவருடைய மண்டையோட்டைக்கூடப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் அது திரும்பி வந்தது.

2014இல், சம்பவம் நடந்து சரியாக இருநூறு ஆண்டுகளில், குமாரிஹாமியின் பெயரிலேயே சுனில் ஆரியரத்ன ஒரு சிங்களத் திரைப்படம் எடுத்தார். கண்டிக்குப் போனால் மத்தும பண்டாரவின் சிலையைக் காணலாம். தலதா மாளிகைக்கு முன்னால் கெப்பெட்டிபொலவின் நினைவுத் தூண் நிற்கிறது. மொரீசியஸில் எஹலபொலவுக்கு நினைவிடம் இருக்கிறது. 1832இல் வேலூரில் இறந்த அரசனுக்கு அங்கே பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

குமாரிஹாமி போனது வாவிக்குள். பிற்காலத்தில் அந்த வாவியையும் மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். போன சனிக்கிழமை நான் பஸ்ஸால் இறங்கியபோது மைதானத்தில் பொடியன்மார் றக்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரவு பெய்த மழையில் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பந்து அதற்குள் போய் விழ, ஒருவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.